நாற்பத்தொரு நட்டு

போஹுமிலா இரவல் கேட்டது கான்கிரீட் கலக்கும் மெஷினை.
வீடு கட்டப்போகிறாயா என்றேன்.
டேங்க் கழுவ, என்றாள்.

அறுபத்து மூன்றாம் வருடத்து ஜாவா.
ப்ரெரோவ் சந்தையில்
கோழிக்கூண்டுகளுக்கு நடுவே கிடந்ததாம்.
மூடியைத் திறந்து டார்ச் அடித்தால்
உள்ளே வெட்டிவைத்த ஈரலின் நிறம்.

நான்கு லிட்டர் வினிகர்.
எண்ணிப் போட்டோம் நாற்பத்தொரு நட்டு.
என் பழைய ரஜாயில் சுற்றி
டிரம்மோடு சேர்த்துக் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை. தெரு முழுக்கக் கடகடகட.
எதிர்வீட்டு ஹ்ருப்கா சன்னலைச் சாத்தினார்,
திறந்து திட்டினார், சாத்தினார்.
மூன்று மணிக்குச் செருப்போடு வந்து நின்று
கட்டு தளர்கிறது பார் என்றார்.

வடித்தால்
காப்பி மண்டிபோல் வந்துகொண்டே இருந்தது.
சோடாத் தண்ணீர்.
அப்புறம் அவளுடைய ஹேர் டிரையர், வெகுநேரம்.
டார்ச் அடித்தோம்: வெறும் தகரம், பளபளவென்று.

வண்டியில் மாட்டிப் பெட்ரோல் ஊற்றினாள்.
கீழே விரித்திருந்த செய்தித்தாளில்
வானிலை அறிக்கையின் மேல்
ஒரு சொட்டு.
இன்னொன்று.

ஓட்டையை இத்தனை வருடம் அடைத்திருந்தது துரு.
அதைத்தான் காலையிலிருந்து உருட்டி உருட்டி விரட்டியிருக்கிறோம்.

ஹ்ருப்கா தரையைப் பார்த்தார்.
எனக்கு வாயில் வந்ததை எழுத முடியாது.
அவள் குளியலறைக்குப் போய்
பாதி கரைந்த சோப்பை எடுத்து வந்து தேய்த்தாள்.
நின்றது.

வெல்டர் வீடு பதினொரு கிலோமீட்டர்,
தாங்கும், என்று உதைத்தாள்.
ஆறாவது உதையில் நீலப் புகை.

நான் வாளியில் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பது.
திரும்ப எண்ணினேன்.
கத்துவதற்குள் முனை தாண்டிவிட்டாள்.