தற்குறி

என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'மே'
மேகலை என்றுதான் சொல்லி வளர்த்தார் அப்பா.
கார்வேட்டிநகரம் அரண்மனைப் பெண்களுக்கு
எட்டுக் கோவையில் மேகலை செய்து கொடுத்தவராம்
எங்கள் பூட்டனார்.
கல்யாணப் பத்திரிகைகளில் தங்க மையில் அச்சடித்தோம்.
அத்தை அதை நம்பியே
இரண்டு சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பினாள்.

புத்தூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு
நான் வம்சம் தேடிப் போகவில்லை.
வரப்புத் தகராறு.
மனுப் போட்டுப் பதினோராம் நாள்
பத்திர எழுத்தர் முனிரத்தினம்
தெலுங்கை விரலால் தடவித் தடவி வாசித்தார்.
பூச்சி தின்ற இடங்களில் நிறுத்தி
வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.
பிறகு சிரித்தார்.
"மேகலை இல்ல சார், மேக்கல.
மேக்கன்னா ஆடு."

ஒரு 'க்' எங்கோ விழுந்திருக்கிறது.
ஒரு 'ஐ' நாங்களே வைத்துக்கொண்டது.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று, தை மாதம்.
மேக்கல நாகுலம்மா
பதினாறு ஆட்டில் ஒன்பதை விற்று
ஓடைக்கரையில் ஒன்றேமுக்கால் ஏக்கர் புஞ்சை வாங்குகிறாள்.
உடன், வீட்டோடு வந்த புருஷன் பெரியதம்பி.
ஊர், ஆற்காட்டுப் பக்கம்.
வீட்டுப்பேர் என்ற இடத்தில் ஒரு கோடு.

தாது வருஷத்தில் கஞ்சித்தொட்டி தேடி
வடக்கே நடந்தவனாக இருக்கும்.
எதைப் பார்த்து அவனை உள்ளே விட்டாளோ,
பத்திரத்தில் அதற்கு இடம் கிடையாது.
பிள்ளைகள் கங்குலு, சஞ்சீவி,
பெயர் வைக்காத கைக்குழந்தை ஒன்று.
அந்தக் கைக்குழந்தையின் வழி நாங்கள்.

எந்த மொழியில் சண்டை போட்டிருப்பார்கள்?
பட்டி அடைக்கும் நேரத்தில்
அவன் கூப்பிட்டால் ஆடுகள் திரும்பினவா,
அவள் கூப்பிட்டால் மட்டுமா?

கடைசிப் பக்கத்தில் இரண்டு தற்குறிகள்.
அவனுடையது ஒரு பெருக்கல்.
அவளுடையது
கீழிருந்து வளைந்து மேலே ஏறி
நுனியில் மை தீர்ந்த ஒரு கோடு.
கொம்பு, என்றேன்.
"எறகு வழுக்கியிருக்கும் சார்" என்றார் முனிரத்தினம்.
நகலுக்கு நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இரவு அத்தைக்குப் போன் செய்தேன்.
"ஆடா?" என்றாள்.
அவள் வீட்டுத் தொலைக்காட்சி மட்டும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.
அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்:
"எத்தனை?"