கம்பத்திலிருந்து

மாரி சற்றே விட்ட நேரம்
உவர்மலைக் கம்பத்தில் ஏறி நிற்கிறேன்.
ஏணியடியில் நசுர்தீன்.
ஊர் முழுக்க இருட்டு, துறைமுகமும்தான்.
போயா நிலவு மேகத்துக்குள்.

கண் மெல்லப் பழகியது.
இன்று விளக்கீடு:
வாழைக்குற்றியில் தேங்காய்ப்பாதி,
ஒரு திரி நூரும், யாரோ குனிவார்கள்.
எமல்டா அக்கா நத்தார் நட்சத்திரத்துக்குள்
பல்புக்குப் பதில் மெழுகுதிரி வைத்திருக்கிறா,
தாள் கருகப்போகிறது.
விகாரைப் பக்கம் ஒற்றைக் கூடு
காற்றில் சுற்றுகிறது.

"பியூஸ் சரியா?"
கையில்தான் இருக்கிறது, ஈரமாய்.
"இன்னும் இல்ல."

எல்லா வீட்டுக்கும் வெளிச்சம் கொடுத்தவன்,
என் வாசலில் மூன்று வருசமாய்
ஒரு திரிகூட இல்லை.

நசுர்தீன் டோர்ச்சை நூர்த்தான்.
"பாத்திட்டு ஆறுதலா இறங்கு."

பியூஸைப் பூட்டினேன். ஊர் கூவியது.
இறங்கும்போது
சட்டைப்பையைத் தடவினேன்:
தீப்பெட்டி நனையவில்லை.