ஆறு நிமிடம்

சாங்கி வணிகப் பூங்கா, மூன்றாம் மாடி.
பின்லாந்தில் ஒரு காகித ஆலைக்கு
நான்தான் சம்பளம் போடுகிறேன்.
நானூற்றுப் பதினொரு பேர்.
யாருக்கு முதுகுவலி விடுப்பு,
யாருக்கு இரட்டைக் குழந்தை,
யார் சங்கச் சந்தாவை நிறுத்தினார்
எல்லாம் தெரியும், முகம் தவிர.

தை மாதம் புது விதி வந்தது.
நாளுக்கு ஆறு நிமிடம் கூடுதல் வேலை.
கூலி கிடையாது.
அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடச் சொன்னார்கள்.
போட்டேன்,
நானூற்றுப் பதினொரு பூஜ்யம்.

ஏன் என்று பிர்க்கோவிடம் கேட்டேன்.
எனக்குமுன் இந்த நாற்காலி அவளுடையது.
நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது,
வேலை மட்டும் கிளம்பி வந்துவிட்டது.
மூன்று வாரம் திரைவழி கைமாற்றம்.
எனக்கு மாலை நான்கு, அவளுக்குக் காலை பத்து,
அவள் ஜன்னலில் அப்போதும் சரியாக விடியவில்லை.
இருவருக்கும் நாற்பத்தாறு வயது.

சொன்னாள்:
முன்பெல்லாம் சறுக்கினால்
எங்கள் மார்க்காவை மலிவாக்கிவிடுவார்கள்,
மறுவாரம் உலகம் எங்கள் காகிதத்தை வாங்கும்.
இப்போது யூரோ. சாவி வேறு வீட்டில்.
பணத்தை இளைக்கவைக்க வழியில்லை,
அதனால் எங்களை.

கைப்பேசி கதை உனக்கே தெரியும் என்றாள்.
தெரியும். என் முதல் சம்பளத்தில் வாங்கியது,
இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது,
சார்ஜர்தான் இல்லை.

நாங்கள் சின்ன நாடு, பார், என்று தொடங்கினாள்.
சிரித்துவிட்டேன்.
என் நாட்டைத் தூக்கி உன் நாட்டின்மேல் வைத்தால்
ஏதாவது ஏரியில் விழுந்து தொலைந்துபோகும், பிர்க்கோ.
அப்படித் தொடங்கும் வாக்கியங்கள்
எங்கே போய் முடியும் என்று
என் உடம்புக்கே தெரியும்.
போட்டித்திறன் எங்கள் வீட்டில் இன்னோர் ஆள்.
சாப்பாட்டு மேசையில் அதற்குத் தட்டு உண்டு.

டெஸ்மண்ட் அவளைப் பர்க்கோ என்பான்.
ஒற்றெழுத்து அவர்களுக்கும் உயிராம்.
துலி என்றால் நெருப்பு,
தூலி என்றால் காற்று,
துல்லி என்றால் சுங்கச்சாவடி.
நான் பதிலுக்குக் கொடுத்தேன்:
துளி, தூளி, துள்ளி.
மூன்றையும் பிழையில்லாமல் சொன்னாள்.
அன்று பட்டியல் பார்க்கவே இல்லை.
அந்த நிமிடங்களை எந்தக் கட்டத்தில் போட?

இரவு வீட்டில், சீமெய் ஏழாம் மாடியில்,
ஆறு நிமிடத்தைக் கணக்குப் பார்த்தேன்.
மகனின் கணிதத் துணைப்பாடத்தில்
அது நான்கு வெள்ளி ஐம்பது காசு.
எக்ஸ்போவில் ஒரு ரயிலை விட்டால்
அடுத்ததற்கு நிற்கும் நேரம்.
நான் தினமும் ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிளம்புகிறேன்.
அதற்கு விதியும் இல்லை
கட்டமும் இல்லை.
யாரும் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன்.
அவர்கள் ஆறு நிமிடத்துக்கு
ஓராண்டு வாதாடினார்களாம்.
பொறாமையாக இருந்தது, எதன்மேல் என்று தெரியவில்லை.

மாத இறுதியில் பிர்க்கோவின் வரிசையை
நானே மூட வேண்டியிருந்தது.
விடுப்பு மீதம், இழப்பீடு, வரி.
பழக்கத்தில் ஆறு நிமிடக் கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
ஏற்கவில்லை.
பணியில் இல்லாதவருக்கு
பூஜ்யமும் இல்லை என்றது திரை.
நானூற்றுப் பத்து.

செப்டம்பரில் ஒரு படம் அனுப்பினாள்.
பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அவள்,
பயிற்சிக்காரி என்று முதுகில் எழுதிய மேலங்கி.
பிரேக் நல்ல பிரேக் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அதே வாரம் நாள்காட்டியில் ஓர் அழைப்பு.
வேலை கைமாற்றம், மூன்று வாரம்.
கோயம்புத்தூர் அலுவலகம், பெயர் செங்கமலம்.
எனக்குப் பிற்பகல் இரண்டு,
அவளுக்குக் காலை பதினொன்றரை.

ஏற்கிறேன் என்பதை அழுத்திவிட்டு
கீழே போய் ஒரு தே-ஓ வாங்கினேன்.
பத்துக் காசு ஏற்றியிருந்தார்கள்.