ஒன்றரை ஷிப்ட்

சனிக்கிழமை இரவு எட்டே முக்கால்.
சம்பளக் கவர்கள் தீர்ந்து
டப்பாவில் ரப்பர் பேண்டுகள் மட்டும்.
ஓவர்லாக் மிஷின்கள் அடங்கிய பிறகும்
காதுக்குள் ஓடும் சத்தத்தோடு
பேரேட்டை மூடப்போனபோது பார்த்தேன்.

பனமாலி நாயக். பனமாலி பெஹரா.
ஒருவன் கட்டிங் டேபிள், மற்றவன் அயர்னிங்.
நாயக் நின்ற நான்கு ஒன்றரை ஷிப்டின் அரைகளை
பெஹராவுக்கு நேரே போட்டிருக்கிறேன்.
என் கையெழுத்து, என் பச்சை மை.
தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.

பெஹரா கவர் வாங்கிய சூட்டோடு
ஊர் வண்டி பிடிக்கப் போய்விட்டான்.
நாயக் இரண்டு முறை எண்ணினான்,
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.

"கெடக்குது உடு அம்மிணி" என்றார் முதலாளி.
"அவனே கேக்கலீங்கறப்ப உனக்கென்ன?
அடுத்த வாரம் பாத்துக்கலாம்.
காலைல கோயிலுக்குப் போற பொம்பள,
நேரத்துல ஊடு போய்ச் சேரு."
கெட்டவர் இல்லை. வருஷா வருஷம்
கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு கிலோ கேக்.

அன்றிரவு நான் ஜெபித்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
அடுத்த சனி வரை நாயக்குக்கு
எந்தச் செலவும் வராமல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்றேன்.
என் தப்புக்கு
அவரிடம் ஒரு வாரத் தவணை.

ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு.
திருவிருந்துக்கென்று தேய்த்த வெள்ளைப் புடவை.
முதல் மணி அடித்தபோது
ஸ்கூட்டி கோயில் பக்கம் திரும்பவில்லை.
திருப்பியது நான்தான், வேறு யாருமில்லை;
பெட்ரோலைத் திட்டிக்கொண்டேதான் திருப்பினேன்.

நல்லூர் தாண்டி ஒரு லைன் வீடு.
ஒரே அறையில் ஏழு பேர், ஒரே ஜன்னல்.
உருளைக்கிழங்கு தாளிக்கும் கடுகெண்ணெய் வாசம்.
என்னைக் கண்டதும் சட்டை தேடினான்.
எனக்குத் தெரிந்த இந்தி முழுக்க எண்கள்.
அவன் கற்ற தமிழ் முழுக்க 'ங்க'.

"தப்பு என்னோடது" என்று பணத்தை நீட்டினேன்.
வாங்கவில்லை.
கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியை இழுத்து
இரண்டு பனியன்களை எடுத்து வைத்தான்.
சின்ன அளவு, மார்பில் மஞ்சள் வாத்து,
எக்ஸ்போர்ட் அட்டை இன்னும் தொங்கியது.

"போன மாசம் எடுத்தனுங்க. பையனுக்கு.
தெரிஞ்சு புடிச்சுட்டீங்கன்னு நெனச்சனுங்க.
அதான் கேக்கலீங்க."

கொடுத்துவிட்டு ஓடிவர வந்தவளை
மன்னிக்க வேண்டியவளாய் நிறுத்திவிட்டான்.
அதற்கு நான் தயாராகி வந்திருக்கவில்லை.
வாயில் வந்தது இதுதான்:
"பையனுக்கு அளவு சரியா இருக்குமா?"

அடுப்படியில் யாரோ சிரித்தார்கள்.
ரூபாயை எண்ணாமல் மடித்துக்கொண்டான்.
தட்டு கழுவியிருக்கவில்லை என்பதால்
உருளைக்கிழங்கை என் உள்ளங்கையிலேயே வைத்தான்.
சுட்டது. நின்றபடி தின்றேன்.

கோயிலில் கிண்ணங்களைத்
துணிபோட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.
அன்றாட ஜெபத்தில் கடன் என்று வரும் இடத்தை
மூச்சுவிடாமல் தாண்டுவது என் வழக்கம்.
அன்றைக்கு அதற்கும் பிந்திவிட்டேன்.
கடைசி பெஞ்ச். மேலே ஓடாத ஃபேன்.
விரல்களை முகர்ந்தேன், கடுகெண்ணெய்.
பக்கத்தில் கிரேஸ் லில்லி அக்கா
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

திங்கள் காலை ஸ்டாக் சரிபார்ப்பு.
வாத்து பனியன், சின்ன அளவு:
இரண்டு குறைவு என்று உள்ளபடி எழுதினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
டேமேஜ் என்று எழுதலாம்.
எல்லோரும் எழுதுவதுதான்.
நானே எத்தனையோ முறை எழுதியதுதான்.
வெறுமையாய் விட்டேன்.

முதலாளி அந்தக் கட்டத்தைத் தட்டினார்.
"இதென்ன அம்மிணி?"

"தெரியாதுன்னு சொல்ல மாட்டனுங்க.
தெரிஞ்சதைச் சொல்லவும் மாட்டனுங்க.
வேணும்னா ரெண்டையும் என் சம்பளத்துல புடிச்சுக்கங்க."

அவர் என்னைப் பார்த்தார்,
ஏட்டைப் பார்த்தார்.
பேனாவைக் கையில் எடுத்தார்.
மூடியை இன்னும் கழற்றவில்லை.