கரிநாக்கு

தோலில் குறை பார்ப்பது என் வேலை.
உண்ணி கடித்த புள்ளி, முள்வேலிக் கீறல்,
சூடு போட்ட தழும்பு.
விரலால் தடவி
வெள்ளி மசிப் பேனாவால் வட்டம் போட்டு
மூன்றாந்தரத்துக்குத் தள்ளுவேன்.
பேரணாம்பட்டு ஷெட்டில் பதினோரு வருஷம்.

அதனால் நான்தான் முதலில் பார்த்தேன்,
சவரக் கண்ணாடியில்:
நாக்கின் நுனியிலும் ஓரத்திலும்
நாவற்பழம் தின்றாற்போல் நாலைந்து திட்டு.
நாவற்பழக் காலம் இல்லை அது.

நகங்களிலும் நீலக் கோடு ஓடியது.
அதை யாரும் கேட்கவில்லை.
சாயத்தோல் புரட்டுகிறவன் நகம்
எந்த நிறமும் இருக்கலாம்.

அடுக்கம்பாறைக்கு இரண்டு பஸ்.
டார்ச் பிடித்த பயிற்சிப் பெண் "ஆ" என்றாள்.
நானும் ஆ என்றேன்.
"நோய் முத்தலை சார். மாத்திரையால வந்த கறுப்புதான்.
புண்ணு வந்தா மட்டும் உடனே வாங்க."
எந்த மாத்திரை என்றேன். சொன்னாள்.
தினம் இரண்டு வேளை அது வாய்க்குள் நுழைகிறது,
பேர்தான் நுழையவில்லை.

சிரிக்காமல் ஒரு மாதம் ஓட்டினேன்.
பிறகொரு மதியம், போனஸ் பேச்சுக்கு நடுவே
மறந்து கொட்டாவி விட்டேன்.
ஃபயாஸ் பார்த்துவிட்டான்.
எனக்குக் காது அடைத்தது.

"அட, கரிநாக்கு!
சம்பங்கிணா, ஆர்டர் கேன்சலுன்னு மட்டும்
வாய்தவறிச் சொல்லிடாதீங்க."

அவ்வளவுதான்.
அதற்கப்புறம் நான் வாயெடுத்தால்
மேஜை முழுக்க அமைதி.
மேஸ்திரி டீ வாங்கித் தந்தார்,
மகளுக்கு நாள் நெருங்குதாம்,
நல்லதா ஒரு வார்த்தை வேண்டுமாம்.
சொன்னேன். சுகப்பிரசவம்.
என்னால் அல்ல.
ஆனாலும் அன்று டீ இனித்தது.

புதன்கிழமை தேசம்மாளுக்கு ரத்தம் எடுத்தார்கள்.
ரிப்போர்ட் மூன்று மணிக்கு.
ஆஸ்பத்திரி வேப்பமர நிழலில் தூக்கைத் திறந்தாள்.
எனக்கு மட்டும் காரமில்லாத தயிர்சோறு,
தனியாகக் குழையப் பிசைந்தது.
ஊறுகாயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.
இரண்டு மாதமாய் என்னோடு பேசாதவள்
மரத்தைப் பார்த்தபடி பேசினாள்:

"ஊருக்கெல்லாம் சொல்லிகினு கீற.
எனக்கும் ஒண்ணு சொல்லேன்."

சோறு தொண்டையில் நின்றது.
இவளுக்கு மட்டும் தெரியும்
இது எந்தக் கறுப்பு என்று.
தெரிந்தும் கேட்கிறாள்.

"இல்லை" என்ற சொல்லுக்கு
நாக்கு நுனி ஒருதரம் மேலே தொடவேண்டும்.
கறுத்த இடம் அதுதான்.

தொட்டேன்.

மணி இரண்டு நாற்பது.