முப்பத்தொரு பாயிண்ட்

அயோத்தியாபட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில்
கண் கூசும் வெள்ளையாய் ஒரு களம்.
அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையில்
எடைமேடைக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
புளித்த மாவு வாடை முதல் வாரம் குமட்டியது.
இப்போது என் துப்பட்டாவே அப்படித்தான்.

முதலில் கிளாஸ் எழுதினேன்.
கிளாஸ் லோடு இல்லை,
லோடென்றால் என்னென்ன இருக்கும் என்ற பேச்சு.
அச்சடித்து அடுக்கிய சீட்டுப் புத்தகம்:
பெயர், ஊர், எடை, பாயிண்ட்,
எதிரே எல்லாம் கோடு.
எத்தனை முறை உதறினாலும்
அதிலிருந்து ஒரு கிழங்கு விழாது.

வண்டி ஏறி மேடை இரும்பு முனகும்போதுதான்
ஒரு லோடு பிறக்கிறது.
காலை ஏழு பத்து. பேளூர் அத்தியண்ணன், நாலரை டன்.
தண்ணீரில் தொங்கும் கம்பிக் கூடையில்
சாம்பிள் ஊசலாடி ஓய்ந்து
முள் நின்றது: இருபத்தாறு.
அடுத்து பாப்பாத்தி, இருபத்து மூன்று.
முத்தம்பட்டி அங்கமுத்து,
தண்ணி கட்டிய காட்டுக் கிழங்கு,
பத்தொன்பது.
ஒரே கிளாஸ், ஒன்பது லோடு.
ஒன்றின் மண் இன்னொன்றில் ஒட்டாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றரைக்கு
குப்பனூர் வழியாக மலையிறங்கி
பிரேக் கருகிய வாடையோடு ஒரு டெம்போ.
கொட்டச்சேடு சடையன். ஒன்றே முக்கால் டன்.
கூடையை இறக்கிய ஜலாலுதீன்
முள்ளைப் பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
முப்பத்தொன்று.
இந்த சீசனில் யாரும் காணாத எண்.
தட்டினேன்.

ஆறு மணிக்குப் பட்டுவாடா சீட்டு.
அத்தியண்ணன் முப்பத்தொன்று.
பாப்பாத்தி முப்பத்தொன்று.
அங்கமுத்து
முப்பத்தொன்று.
யாரும் வாய் திறக்கவில்லை.
சீட்டை நாலாய் மடித்து
பைக்குள், சுருக்குப் பைக்குள், மடிக்குள்.
அங்கமுத்து மட்டும் மடித்தார், பிரித்தார், மடித்தார்.
சடையன் எட்டிப் பார்த்து
"அட, எல்லாம் எங்காட்டுக் கெழங்கா?" என்று சிரித்தார்.
கேஷியர் மூன்றாவது கட்டைப் பிரிக்கும் சத்தத்துக்கு
முதலாளி அறையைவிட்டு வந்தார்.

தப்பு ஒரு சொல்லில்.
தன் பெயர், தன் ஊர், தன் எடை என்று
ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தவள்
பாயிண்டில் மட்டும் 'தன்'னை விட்டுவிட்டேன்.
பைத்தானில் அதை செல்ஃப் என்பார்கள்.
அந்த இடத்தில் கிளாஸின் பெயரையே போட்டிருந்தேன்.
அப்படிப் போட்டால் எண் சீட்டில் ஏறாது,
புத்தகத்தின் அட்டையில் ஏறும்.
கடைசியாக எழுதியது எதுவோ
அதுவே எல்லாருக்கும்.
ஒன்பது பேரும் மூன்றரை மணியிலிருந்து
சடையனாக இருந்திருக்கிறார்கள்.

எட்டரைக்குத் திருத்தினேன்.
என் நாற்காலிக்குப் பின்னால் முதலாளியின் மூச்சு.
இருபத்தாறு இருபத்தாறாகியது.
பத்தொன்பது பத்தொன்பதாகியது.
போன் போட்டுச் சொல்கிற வேலையும் எனக்கே.
"கூடக் கொடுத்ததை அடுத்த லோடுல பிடிச்சுக்குவாங்கண்ணா."

"தெரியும் கண்ணு" என்றார் அங்கமுத்து.
"எங்காடு எனக்குத் தெரியாதா?"
பின்னால் மாடு ஒன்று கத்தியது.
"ஒரே சந்தேகம்.
பாயிண்டு ஆளுக்கு ஆளு வேற, சரி.
பாயிண்டுக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட்டு இருக்குதே,
அது மட்டும் எப்படி எங்க எல்லாத்துக்கும் ஒண்ணு?
அதுவும் நீ தப்பா எழுதினதா?"

இல்லைங்க என்றேன்.
அது அட்டையில் இருக்க வேண்டியது.
பதினோராவது வரி.
எந்த லோடும் அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது
என்று சொல்ல வந்து,
சொல்லாமல் விட்டேன்.
காலை ஆறே முக்காலுக்கு
முதலாளிக்கு ஒரு போன் வரும்.
அவர் ஒரு எண் சொல்வார்,
நான் தட்டுவேன்.
யார் பேசியது என்று
இதுவரை கேட்டதில்லை.