சரக்கு: இல்லை

க.க.சாவடி எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
சிமெண்ட், தவிடு, எம்-சாண்ட்,
கேரளத்துக்குப் போகும் அடிமாடுகள்.
லாரி ஏறி நின்றால்
சிவப்பு எண்கள் அடங்காது,
இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கத்தணும்.

ரெண்டே முக்காலுக்கு
வாளையார்ப் பக்கமிருந்து வந்தது அது.
இரண்டே கதவு.
நீண்ட முகப்பு.
கூரையிலிருந்து பின்சக்கரம்வரை
பேனா எடுக்காமல் போட்ட கையெழுத்து.
என்னைவிட மூணு வயசு மூத்ததாம்.

கண்ணாடிகள் இறங்கின. நடுவே தூண் இல்லை.
பாலக்காட்டுக் காற்று
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது,
எந்தச் சோதனையும் இல்லாமல்.

"இதுக்கு எத்ர கனம்னு பார்க்கணும்" என்றாள் ஓட்டி வந்தவள்.
"தம்பிகூட பந்தயம்."

அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன்.
திரையில் 1640.
அசையவில்லை.
ஓடுகிறதா என்றே சந்தேகம்.
அவள் லேசாக ஒரு மிதி மிதித்தாள்.
எட்டு சிலிண்டரும் தொண்டையைச் செருமின.
டீக்கடை நாய் எழுந்து உட்கார்ந்தது.
எண் 1650க்குப் போய்
ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தது.

எண்பது ரூபாய். பெயர், ரோசிலி தரகன்.
"சரக்கு?" என்றேன், பழக்கதோஷம்.
யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.
"இல்லை."
அப்படியே அச்சடித்துக் கொடுத்தேன்.

கோயம்புத்தூருக்குப் போவாள் என்றிருந்தேன்,
வந்த வழியே திரும்பிவிட்டாள்.
பின்விளக்கு இரண்டும்
பாலம் தாண்டி மறையும்வரை
எட்டி எட்டிப் பார்த்து நின்றிருக்கிறேன்.

உள்ளேயிருந்து பையன் கத்தினான்:
"அண்ணா, மேடைமேல யாரு?
அறுவது காட்டுது!"